கடைசித் தவணை

பல்லாவரத்திலிருந்து துரைப்பாக்கம் நோக்கிச் செல்லும் இருநூறடிச் சாலையில் கீழ்க்கட்டளையைக் கடந்து கோவிலம்பாக்கத்தை அடைவோர், ஒரு காலத்தில் இங்கே ஏரிநீர் பாய்ந்த வயல்கள் இருந்தன என்று ஊர்ப் பெரியவர்கள் கூறக் கேட்டால் வியப்படைவர். இன்று அங்கே விளைவன செங்கல்லும் சிமெண்டுமே. இவ்வூரிலும், அண்டையிலுள்ள நன்மங்கலம், மேடவாக்கம், பள்ளிக்கரணை ஆகிய இடங்களிலும் நம் குடும்பங்கள் பல வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிபெயர்ந்துள்ளன. வங்கிக் கடன், சேமநிதிப் பணம், மனைவியின் நகை, சொந்த ஊரில் விற்ற நிலத்தின் கிரயம் ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்தே ஒரு சிறு மாடி வீடாக எழுந்து நிற்கின்றன.

இத்தெருக்களில் நடந்து செல்கையில் நம் கண்ணில் படும் மற்றொரு காட்சியும் உண்டு. முன்புறம் வண்ணம் பூசி, பக்கச் சுவரைப் பூச்சின்றி விட்ட வீடு; கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிப்படி; பாதியில் நின்ற மதில். பணம் தீர்ந்து நின்றவை இவற்றுள் பல. வேறு சிலவற்றில் பணம் இருக்கிறது. கொடுக்க மனம் இல்லை. வீட்டுக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே கடைசித் தவணை பற்றி மூண்ட பிணக்கு, அந்தச் சுவரின் மேல் பூசப்படாத பூச்சாக நிற்கிறது. “வேலையை ஒழுங்காக முடிக்கட்டும், பிறகு பணம் தருகிறேன்” என்கிறார் ஒருவர். “பணத்தைத் தரட்டும், பிறகு வேலையை முடிக்கிறேன்” என்கிறார் மற்றவர். இருவரும் உண்மையே பேசுகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

வீட்டுக்காரரின் மனத்தாங்கல் பொய்யன்று. முன்பணம் வாங்கிய மேஸ்திரி அடுத்த வாரமே வேறோர் இடத்தில் வேலை தொடங்கிவிடுகிறார். நம் கடைக்கால் குழியில் மழைநீர் தேங்கி நிற்கிறது. ஆறு மாதம் என்றது பதினான்கு மாதமாக நீளுகிறது. வாடகையும் கடன் தவணையும் சேர்ந்து குடும்பத்தை நெருக்குகின்றன. தளம் போட்ட பின் ஏழு நாளாவது நீர் பாய்ச்சிப் பதப்படுத்த வேண்டும் என்பதைக்கூட மறந்துவிடும் கட்டடக்காரர்கள் உண்டு. குளியலறைச் சுவரில் ஓதம் ஏறினால் “எல்லா வீட்டிலும் இப்படித்தான் சார்” என்று அவர்கள் சொல்லிவிடுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் வீட்டுக்காரர் கையில் உள்ள ஒரே ஆயுதம் கடைசித் தவணைதான். அதையும் கொடுத்துவிட்டால் தொலைபேசியைக்கூட எடுக்க மாட்டார் என்ற அச்சம் அவருக்கு. அச்சம் நியாயமானதே.

ஆயினும், இந்த ஆயுதம் யார்மேல் விழுகிறது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை.

பொற்கொல்லரிடம் நாம் ஒரு வளையலைச் செப்பனிடக் கொடுக்கிறோம். கூலி கொடுக்கும் வரை வளையலைத் தம்மிடமே வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. பட்டை தீட்ட வைரத்தைப் பெற்ற வணிகர் தம் கூலி வரும் வரை வைரத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டும் தருகிறது. இனி, கொத்தனாரை எண்ணிப் பாருங்கள். அவர் வைத்த செங்கல் வைத்த கணமே நம் மண்ணோடு ஒட்டிவிடுகிறது. அதை அவர் மடியில் கட்டிக்கொண்டு போக முடியாது. பூசிய பூச்சைச் சுரண்டி எடுக்கவும் முடியாது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1791-ஆம் ஆண்டிலேயே, கூலி தீராத கொத்தனும் தச்சனும் தாம் கட்டிய கட்டடத்தின் மேலேயே பாத்தியம் கொண்டாடலாம் என்று சட்டம் இயற்றியது. புதிய தலைநகராகிய வாஷிங்டனைக் கட்ட ஆள் வரவேண்டுமே என்ற கவலையே அதற்குக் காரணம். நம் நாட்டில் அத்தகைய பொதுவான உரிமை கட்டடத் தொழிலாளருக்கு இல்லை. வீட்டுச் சாவி கைம்மாறும் வரை ஒப்பந்தக்காரர் கையில் சிறிது பிடி இருக்கிறது. நாம் குடிபுகுந்த பின் அவரிடம் இருப்பது ஒரு சிட்டைப் புத்தகம் மட்டுமே.

புதுமனை மந்திரிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பங்குத் தந்தை வந்து தீர்த்தம் தெளிக்கிறார். மேஸ்திரியையும் தச்சரையும் அழைத்து, வேட்டியும் துண்டும் தட்டில் வைத்துக் கொடுத்து மரியாதை செய்கிறோம். நல்ல வழக்கம். அன்றே அவர் தயங்கித் தயங்கிப் பாக்கியைப் பற்றி வாய் திறந்தால், “விழா நாளில் கேட்கிற கேள்வியா இது?” என்று முகம் சுளிக்கிறோம். வேட்டியின் விலை ஐந்நூறு ரூபாய். பாக்கி இரண்டு இலட்சம்.

ஒப்பந்தக்காரர் என்றவுடன் காரில் வந்து இறங்கும் பெரிய மனிதரை நாம் கற்பனை செய்துகொள்கிறோம். நம் புறநகர்ப் பகுதியின் வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கட்டுபவர் அத்தகையவர் அல்லர். நேற்றுவரை கரண்டி பிடித்த கொத்தனார். இன்று பத்து ஆளை வைத்து வேலை எடுக்கும் மேஸ்திரி. அவருக்கென்று கையிருப்பு முதல் கிடையாது. ஜல்லியும் சிமெண்டும் கம்பியும் கடைக்காரரிடம் கடனுக்கு வாங்குகிறார். சனிக்கிழமை மாலையில் கொத்தனார், பெரியாள், சித்தாள், கம்பி கட்டுவோர், சென்டரிங் அடிப்போர் ஆகிய அனைவருக்கும் வாரக்கூலி கொடுத்தாக வேண்டும். நம்மிடமிருந்து பணம் வரவில்லை எனில் அவர் முதலில் யாருக்கு நிறுத்துவார்? சிமெண்டுக் கடைக்காரருக்கு நிறுத்தினால் அடுத்த மூட்டை வராது. கம்பிக் கடைக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஆகவே குரல் எழுப்ப மாட்டாதவர்களுக்கே நிறுத்துகிறார். கூடை சுமக்கும் சித்தாள் பெண்ணுக்கும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே சமைத்து உண்டு படுத்துறங்கும் இளைஞருக்கும் பாதிக் கூலியே கிடைக்கிறது. மீதியை “அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம்” என்கிறார். அவ்விளைஞருக்குத் தமிழ் தெரியாது. வேலை முடிந்தால் ரயிலேறி விடுவார். அவருடைய மீதிக் கூலி கணக்கிலேயே தங்கிவிடும்.

நாம் மேஸ்திரியைத் தண்டிப்பதாக எண்ணிக்கொண்டிருக்கிறோம். தண்டனை மாடிப்படி இறங்கிக் கீழே போய்விடுகிறது.

இது கோவிலம்பாக்கத்துத் தெருக்களில் மட்டும் நடப்பதன்று. எண்ணெய் விலை வீழ்ச்சியுற்ற காலத்தில் சவூதி அரேபிய அரசு பெரிய கட்டட நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பாக்கிகளைத் தாமதித்தது. அதன் விளைவு 2016-ஆம் ஆண்டின் நடுவில் வெளிப்பட்டது. ‘சவூதி ஓஜர்’ என்ற மாபெரும் நிறுவனம் பல மாதங்கள் சம்பளம் தராமற்போகவே, ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர் ஜித்தா நகரின் முகாம்களில் உணவுக்கும் வழியின்றித் தவித்தனர். இந்தியத் தூதரகம் அரிசி பருப்பு வழங்கும் நிலை ஏற்பட்டது. வெளியுறவு இணையமைச்சர் நேரில் சென்றார். அடுத்த ஆண்டில் அந்நிறுவனமே மூடப்பட்டது. அரசு நிறுத்தியது நிறுவனத்தின் பில்லை. பட்டினி கிடந்தவர் தச்சரும் கொத்தரும் குழாய் வேலைக்காரரும். இங்கிலாந்தில் 2018 ஜனவரியில் வீழ்ந்த ‘கரிலியன்’ நிறுவனமோ, தன்கீழ் வேலை செய்த சிறு நிறுவனங்களுக்கு 120 நாள் வரை பணத்தைத் தள்ளிப்போட்டு, பிறர் பணத்தையே தன் முதலாகக் கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அது விழுந்தபோது ஏறத்தாழ 30 ஆயிரம் சப்ளைக்காரரும் துணை ஒப்பந்தக்காரரும் பிறரும் கடன் பட்டியலில் நின்றனர்.

கூலியைப் பிடித்து வைத்தல் விண்ணை நோக்கி முறையிடும் பாவங்களுள் ஒன்று என்பதை நம்மில் மூத்தோர் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தவர்கள். கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று மோயீசனின் சட்டம் விதித்தது. அவன் ஏழை, அதை நம்பியே இருக்கிறான் என்பதே அது காட்டிய காரணம். யாகப்பரின் திருமுகம் இதே குற்றத்தை நிலக்கிழார்கள்மேல் சுமத்திக் கடிந்தது. 13-ஆம் சிங்கராயர் என்னும் பாப்பரசர் லியோ, 1891-இல் வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலிலும் அதையே எடுத்துக்காட்டினார். “நான் கூலியைப் பிடிக்கவில்லையே, ஒப்பந்தத் தொகையைத்தானே நிறுத்தினேன்” என்று நாம் கூறலாம். ஒப்பந்தக்காரர் கூலியாள் அல்லர் என்பது உண்மையே. ஆனால் நம் வீட்டுக் கணக்கில் ‘ஒப்பந்தத் தொகை’ என்று எழுதப்பட்டிருப்பதில் பெரும்பகுதி யாரோ ஒருவரின் சனிக்கிழமைக் கூலி என்பதும் உண்மையே.

அப்படியானால், கோணலான வேலைக்கும் முழுப்பணம் கொடுத்துவிட்டு வாய்மூடி இருக்க வேண்டுமா? அவ்வாறு நாம் கூறவில்லை. ஏமாறுவது புண்ணியமன்று, பிள்ளைகளின் படிப்புக்கு வைத்த பணத்தில் கட்டிய வீடு ஒழுகினால், அதைக் கேட்பது தகப்பனின் கடமையே. பணத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தல் கட்டடத் தொழிலில் உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. நம் பொதுப்பணித் துறையின் பில்களிலும் ஒரு சிறு விழுக்காட்டைப் பிடித்து வைத்து, வேலை முடிந்து குறைகாண் காலம் கழிந்தபின் திருப்பித் தருகிறார்கள். இதைப் பிடித்தம் என்று சொல்லலாம். இதற்கும் நம் வீடுகளில் நடக்கும் நிறுத்தலுக்கும் உள்ள வேற்றுமையே இங்கு முக்கியமானது. பிடித்தத்தின் அளவு கடைக்கால் வெட்டுமுன்னரே பேசப்பட்டது. திரும்பும் நாளும் எழுதப்பட்டது. ஒப்பந்தக்காரர் அதைக் கணக்கில் வைத்தே விலை சொல்கிறார். நம் வழக்கிலுள்ள நிறுத்தலோ, கோபம் வந்த நாளில் தொடங்கி, கோபம் தீரும் நாள் வரை நீடிப்பது. அதற்கு அளவும் இல்லை, நாளும் இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 சதுர அடி வீடு. சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று பேச்சு. மொத்தம் 30 இலட்சம். படிப்படியாக 27 இலட்சம் கொடுத்தாயிற்று. கடைசித் தவணை 3 இலட்சம் நிற்கிறது. வீட்டைச் சுற்றிப் பார்க்கையில், குளியலறையில் நீர் வடியாமல் தேங்குகிறது. மாடித்தளத்தின் வாட்டம் சரியில்லை. இரண்டு சன்னல்கள் மூடவில்லை. இவற்றைத் திருத்த என்ன செலவாகும் என்று தொடர்பில்லாத வேறொரு கொத்தனாரையோ பொறியாளரையோ கேட்கிறோம். 45 ஆயிரம் என்கிறார். விலையேற்றத்துக்கும் எதிர்பாராச் செலவுக்கும் இடம் விட்டு, 70 ஆயிரம் ரூபாயை நிறுத்தி வைக்கலாம். குறைகளின் பட்டியலை எழுதி, ஒரு படியை மேஸ்திரியிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கலாம். மீதி 2 இலட்சத்து 30 ஆயிரத்தை அன்றே கொடுத்துவிட வேண்டும். நடப்பது என்ன? 45 ஆயிரம் ரூபாய்க் குறைக்கு 3 இலட்சமும் பெட்டியில் பூட்டப்படுகிறது. மேஸ்திரிக்கோ வந்து திருத்துவதற்கு ஆள்கூலி கொடுக்கவும் பணமில்லை. அவர் வராமையை நாம் அவருடைய அயோக்கியத்தனத்துக்குச் சான்றாகக் கொள்கிறோம்.

சட்டமும் இந்த அளவைத்தான் ஏற்கும். ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு, ஒப்பந்தம் மீறப்பட்டதால் இயல்பாக விளைந்த இழப்புக்கு ஈடு தருகிறது. மனவருத்தத்துக்கெல்லாம் விலை போட்டுத் தருவதில்லை. “நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம்” என்று பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டாலும், 74-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அதை உச்சவரம்பாகக் கொண்டு, நியாயமான ஈட்டை மட்டுமே வழங்கும்.

பிடித்தத்துக்கு ஏற்ற கால அளவு எது என்று கேட்டால், நம் பகுதியைப் பொறுத்தவரை ஒரு வடகிழக்குப் பருவமழை என்போம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் சுற்றியுள்ள ஏரிகளையும் அடுத்துள்ள இவ்வூர்களில், ஐப்பசி, கார்த்திகை மழையைக் காணாத வீடு தேர்வு எழுதாத மாணவனுக்கு ஒப்பாகும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாடி ஒழுகுமா, சுவரில் ஓதம் ஏறுமா, நிரப்பிய மண் அமர்ந்து தரை விரிசல் விடுமா என்பனவெல்லாம் அந்த மூன்று மாதங்களில் தெரிந்துவிடும். மொத்தத் தொகையில் 5 விழுக்காடு பிடித்தம், அதில் பாதி சாவி வாங்கும் நாளிலும், மறுபாதி பருவமழை கழிந்து பொங்கலுக்கு முன்பும் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், மேற்கண்ட பிணக்குகளில் பாதி எழவே எழா.

மறுபாதி எங்கிருந்து எழுகிறது? கூடுதல் வேலையிலிருந்து. சமையலறையைப் பார்க்க வந்த வீட்டம்மா, “மேஸ்திரி, இங்கே அப்படியே ஒரு பரண் போட்டுவிடுங்கள்” என்கிறார். “சரிம்மா” என்கிறார் அவர். மாமனார் வந்து பூசைமாடத்தைக் கிழக்கே திருப்பச் சொல்கிறார். மகன் மாடியில் மற்றுமொரு மின்விளக்கு முனை கேட்கிறான். யாரும் விலை கேட்கவில்லை, யாரும் விலை சொல்லவில்லை. முடிவில் மேஸ்திரி ஒரு காகிதத்தில் 1 இலட்சத்து 80 ஆயிரம் என்று எழுதிக்கொண்டு வருகிறார். வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுகிறது. “எழுத்தில் இருக்கிறதா?” என்று கேட்கிறார்.

“எழுத்தில் இல்லை” என்ற இந்த வாதம் நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஒருமுறை சென்றதுண்டு. அதைக் கொண்டு சென்றவர் தனியார் எவருமல்லர், ஓர் அரசு. 1943-ஆம் ஆண்டின் கொடிய பஞ்சத்தை அடுத்து, வங்காள அரசின் குடிமைப்பொருள் வழங்கல் துறைக்குக் கிடங்குகள் தேவைப்பட்டன. 1944-இல் ஹூக்ளி மாவட்டத்து ஆரம்பாக் என்னும் ஊரில் பி. கே. மண்டல் நிறுவனத்தார் துறை அதிகாரிகள் சொன்னபடி கொட்டகைகளையும், சமையற்கூடத்தையும், காவலர் அறையையும் கட்டிக்கொடுத்தனர். துறை அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது. பில் வந்தபோது பணம் வரவில்லை. ஆளுநர் பெயரால் முறைப்படி எழுதிய ஒப்பந்தம் இல்லையாதலால், 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி தனக்குக் கடப்பாடு இல்லை என்பது அரசின் வாதம். தொகை ஏறத்தாழ 19 ஆயிரம் ரூபாய். வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, நாடு விடுதலை பெற்று, குடியரசாகி, 1961 டிசம்பரில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பதினேழு ஆண்டுகள்! நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. ஒருவர் இனாமாகச் செய்யும் எண்ணமின்றி, சட்டத்துக்குட்பட்டு ஒரு வேலையைச் செய்ய, மற்றவர் அதை ஏற்று அதன் பயனை அனுபவித்தால், அனுபவித்தவர் ஈடு கொடுத்தே ஆகவேண்டும். வேண்டாம் என்று மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஏற்றுக்கொண்டு மறுக்க உரிமை இல்லை. கொட்டகையில் நெல்லை அடுக்கிவிட்டு, கட்டியவரிடம் காகிதம் கேட்ட அரசு தோற்றது.

தனி மனிதரிடையே வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்பதால், நம் வீட்டுப் பரண் வழக்கில் 70-ஆம் பிரிவு வரை போகவேண்டிய தேவைகூட இராது. பரணில் அண்டா குண்டாக்களை ஏற்றி வைத்தபின் விலையைப் பற்றிப் பேசலாமே தவிர, விலையே இல்லை என்று பேச முடியாது. மேஸ்திரிகளுக்கும் இங்கே ஒரு சொல். கூடுதல் வேலை கேட்கப்பட்ட அன்றே, “இதற்கு இவ்வளவு ஆகும்” என்று சொல்லி, சிட்டையில் எழுதிக் கையொப்பம் வாங்காமல், எல்லாவற்றையும் கடைசியில் மொத்தமாகக் கொண்டுவந்து நீட்டுவது நேர்மைக்கு அழகன்று. கம்பி விலையும் எம்-சாண்ட் விலையும் ஏறினால் யார் தாங்குவது என்பதையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளாத ஒப்பந்தம் பாதி ஒப்பந்தமே.

அடுக்குமாடியில் வீடு வாங்குவோரின் நிலை வேறு. அங்கே 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமின்றி விலையில் பத்திலொரு பங்குக்கு மேல் கட்டுநர் வாங்கலாகாது. அமைப்புக் குறை எழுந்தால் வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டு வரை அவரே திருத்த வேண்டும். வாங்குவோரும் தவணையைத் தாமதித்தால் வட்டி தரவேண்டும். நாம் இங்கே பேசுவது சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டும் வீட்டைப் பற்றியே.

பிணக்கு முற்றி வழக்காகும்போது, இரு தரப்பாரும் ஒரே வாயிலில் நுழைவதில்லை என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. வீடு கட்டித் தருதல் ‘சேவை’ என்பதால், குறைபட்ட வேலைக்காக வீட்டுக்காரர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். வீடு கட்டும் பணியும் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1993-லேயே உச்ச நீதிமன்றம் லக்னோ வளர்ச்சிக் குழுமத்தின் வழக்கில் உறுதி செய்தது. 2019-ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வாறே கூறுகிறது. நம் பகுதியாருக்குச் செங்கற்பட்டிலேயே மாவட்ட ஆணையம் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும். மேஸ்திரிக்கு அந்த வாயில் திறப்பதில்லை. தம் பாக்கிக்காக அவர் உரிமையியல் நீதிமன்றத்தில், கட்டணம் செலுத்தி, வழக்கறிஞர் வைத்து, வேலை முடிந்த மூன்று ஆண்டுக்குள் வழக்கிட வேண்டும். 60 ஆயிரம் ரூபாய்ப் பாக்கிக்கு எந்த மேஸ்திரி அத்தனையும் செய்வார்? அவருக்குக் கீழே உள்ள சித்தாளோ இன்னும் தொலைவில் இருக்கிறாள். ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் தலைமை வேலையளிப்பவரே தரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒரு நல்ல கொள்கையை வகுத்தது. புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டமும் அதை விடவில்லை. ஆனால் அது நிறைய ஆட்களை வைத்து வேலை வாங்கும் இடங்களுக்கென்று எழுதப்பட்டது. எட்டுப் பேர் வேலை செய்யும் நம் சிறு வீட்டை அது எட்டிப் பார்ப்பதில்லை.

நம்மவர் பலர் வேலைக்குச் செல்லும் சிங்கப்பூரில் 2004-இல் ஒரு சட்டம் வந்தது. கட்டட வேலை செய்தவர் பில் கொடுத்தால், குறித்த நாளுக்குள் பணம் தரவேண்டும். அல்லது எவ்வளவு, ஏன் நிறுத்துகிறோம் என்று எழுத்தில் தரவேண்டும். இரண்டும் இல்லையெனில் நடுவர் ஒருவர் சில வாரங்களில் தீர்த்து வைப்பார். “எனக்கு மேலிருந்து வரட்டும், உனக்குத் தருகிறேன்” என்ற சாக்கு அங்கே செல்லாது. இச்சட்டத்தின் உயிர்நாடி, எவ்வளவு, ஏன் என்ற இரண்டு சொற்கள். இவற்றை நம் வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ள எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

பங்குகளிலும் கட்டட வேலை நடக்கிறது: கோவில், மண்டபம், கெபி, பள்ளிக்கூட வகுப்பறை. இங்கே நிறுத்தல் வேறொரு வேடம் பூணுகிறது. “கோவில் காரியந்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்” என்று கமிட்டியார் கேட்கிறார்கள். ஒப்பந்தக்காரரும் நம் பங்கைச் சேர்ந்தவராயிருந்தால் வாய் திறக்க மாட்டார். திருவிழா வசூல் வரட்டும், ஆயர் வந்து அர்ச்சிக்கட்டும் என்று நாள் கடந்துகொண்டே போகிறது. காணிக்கை என்பது கொடுப்பவர் தாமாகக் கொடுப்பது. ஒப்பந்தக்காரர் தம் இலாபத்தைக் கோவிலுக்கு விட்டுக்கொடுக்க விரும்பினால் அதை நன்றியுடன் ஏற்கலாம். அவருடைய சித்தாளின் கூலியை விட்டுக்கொடுக்க அவருக்கும் உரிமை இல்லை, கேட்க நமக்கும் உரிமை இல்லை. ஆண்டுக் கணக்கை வாசிக்கும் ஞாயிறன்று, கட்டட நிதி வரவைப் போலவே, யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியிலிருந்து என்பதையும் வாசித்தால் என்ன?

இறுதியாக, பிணக்கு மூண்டே விட்ட வீட்டுக்காரருக்கு ஒன்று. மேஸ்திரியோடு பேச்சு முறிந்துபோனாலும், கூலி பாக்கியுள்ள ஆட்கள் யார் யார், எத்தனை நாள் வேலை, எவ்வளவு என்ற பட்டியலை அவரிடமே கேட்டு வாங்குங்கள். அவர் எதிரிலேயே, அவருடைய கணக்கில் பற்று எழுதி, அவர் கையொப்பமும் ஆட்களின் கையொப்பமும் அல்லது கைநாட்டும் பெற்று, அந்தக் கூலியை நேராகக் கொடுத்துவிடுங்கள். பிறகு உங்களுக்கும் அவருக்கும் இடையே மிஞ்சுவது ஒழுகும் மாடியும், அதைத் திருத்தும் செலவும் மட்டுமே. அதைப் பற்றி எத்தனை வாரம் வேண்டுமானாலும் வாதாடலாம். கூலிப் பட்டியலை மட்டும் வரும் சனிக்கிழமைக்குள் தீர்த்துவிடுங்கள்.